தொட்டிக்கு வலப்பக்கம் உதித்த சூரியன்

ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் அவளை எல்லோரும் இஸ்திரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறு வருஷமாக, வேலைக்குப் போகும் வழியில் நடைபாலத்தின் மேல் இரண்டு நிமிஷம் நின்று, உதிக்கும் சூரியனைக் கைபேசியில் ஒரு படம் எடுப்பாள். மழையோ மேகமோ, ஒரு நாள் தவறினதில்லை. எடுத்த படத்தைச் சலவைப் பிரிவின் வாட்ஸ்அப் குழுவில் போடுவாள். நகை நட்டு, சினிமா என்று வேறு ஆசை எதுவும் அவளுக்குக் கிடையாது.

துவைக்கும் இயந்திரத்தடியில் தேங்கிய சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்து கணுக்கால் முறிந்தபோதும் அந்தப் பழக்கம் விடவில்லை. நாலாவது மாடி வீட்டின் சமையலறை ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கொண்டாள். எதிர்க் கட்டடத்து மொட்டை மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதன் பக்கத்தில் சூரியன் எட்டிப் பார்ப்பதைத் தினமும் எடுத்து, வழக்கம்போலக் குழுவில் போட்டாள்.

ஆறாவது வாரம் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. "தினமும் அதிகாலையில் வெளியே சென்று பல இடங்களிலிருந்து புகைப்படம் எடுக்கும் அளவுக்குத் தாங்கள் நலமாக இருப்பதால் மருத்துவ விடுப்பு ரத்து செய்யப்படுகிறது. திங்கட்கிழமை பணிக்குத் திரும்பவும்."

படித்ததும் அவளுக்கு உச்சந்தலை வரை கொதித்தது.

"வெளிய போனேனாம்! பாத்ரூம் போகவே உங்க தோளைப் பிடிச்சுக்கிட்டு நொண்டுறேன். இதை எழுதினவனுக்குக் கை கூசலையா?"

"விடும்மா, டாக்டர் சீட்டை அனுப்பிடுவோம்," என்றார் கணவர். பஸ் பணிமனையில் மெக்கானிக். வீட்டில் சத்தம் போடத் தெரியாத மனுஷன்.

"சீட்டு ஏற்கெனவே அவங்ககிட்டதானே இருக்கு? படிச்சாங்களா? நான் நேர்லயே போறேங்க."

லிப்ட் இல்லாத கட்டடம். படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு படியாக நகர்ந்து நகர்ந்து இறங்கினாள். கணவர் ஊன்றுகோலைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். படிக்கு ஒரு வசவு விழுந்தது. மூன்றாம் மாடி அம்மாள் கதவைத் திறந்தவள், தன்னைத்தான் திட்டுகிறாளோ என்று பயந்து மறுபடி சாத்திக்கொண்டாள்.

ஊழியர் பிரிவு அதிகாரி இளவயதுக்காரர். மாவுக்கட்டைப் பார்த்ததும் கொஞ்சம் தடுமாறினார். ஆனாலும் கோப்பைத் திறந்து வைத்தார். உள்ளே அவள் எடுத்த படங்கள் அத்தனையும் தாளில் அச்சாகி இருந்தன.

வந்த காரியமே அவளுக்கு மறந்துபோயிற்று.

"சூரியனைக் கறுப்பு வெள்ளையிலயா சார் அச்சடிப்பீங்க? தேஞ்சுபோன சட்டைப் பொத்தான் மாதிரி இருக்கு!"

"கலர் மை தீர்ந்துபோச்சும்மா. விஷயம் அது இல்ல. முதல் வாரத்துப் படத்துல சூரியன் தொட்டிக்கு வலப்பக்கம் இருக்கு. அப்புறம் தொட்டிக்குப் பின்னாடி. போன வாரம் இடப்பக்கம். ஒரே இடத்துல உக்காந்து எடுத்தா எப்படி இப்படி வரும்? நீங்க இடம் மாறி மாறி நின்னிருக்கீங்க."

கணவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நான் நகரல சார். சூரியன்தான் நகர்ந்தது."

"என்னம்மா சொல்றீங்க?"

"தினமும் ஒரே இடத்துலயா சார் உதிக்குது? நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமா தள்ளிப் போகும். தொட்டியைப் பாருங்க, எல்லாப் படத்துலயும் அதே இடம், அதே அளவு. ஓரத்துல எங்க ஜன்னல் கம்பி, அதுவும் அதே இடம். என் விடுப்பைப் பிடுங்குறதுக்கு முன்னாடி, ஒரே ஒரு வாரம் காலையில எழுந்து நீங்களே பார்த்திருக்கலாம்ல?"

அதிகாரி தாள்களை அடுக்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். காது மடல் சிவந்தது.

"உங்க மேற்பார்வையாளர்தான் இந்தப் படங்களை அனுப்பினாரு. தப்பா புரிஞ்சுக்கிட்டோம். போயிட்டு வாங்க, பார்த்துக்கறோம்."

மேற்பார்வையாளர்! தினமும் அவள் படத்துக்குக் கீழே "அருமை அக்கா" என்று போடுகிறவர். அந்தச் சோப்புத் தண்ணீரைத் துடைக்க ஆள் அனுப்பாமல் விட்டவரும் அவர்தான். அங்கேயே கைபேசியை எடுத்துக் குழுவிலிருந்து விலகினாள்.

"பார்த்துக்கறோம்னா ஆச்சா? நான் பொய் சொல்லலைன்னு எழுத்துல வரணும்."

நாலு நாளில் கடிதம் வந்தது. 'கருணை அடிப்படையில்' விடுப்பு தொடரலாமாம்.

"கருணையா! யாருக்கு யார் கருணை காட்டுறது?" சிவப்புப் பேனாவால் அந்த வார்த்தையைச் சுழித்துத் திருப்பி அனுப்பினாள்.

"விடுப்பு கிடைச்சிடுச்சே, அது போதாதா?"

"போதாது."

அடுத்ததில் 'சிறப்புச் சலுகையாக' என்று இருந்தது. அதுவும் திரும்பிப் போயிற்று. மூன்றாவது கடிதத்தைக் கணவரை உரக்கப் படிக்கச் சொன்னாள்.

"தாங்கள் இடம் மாறவில்லை என்பதும், சூரியனே இடம் மாறியது என்பதும் உறுதியானது. தவறுக்கு வருந்துகிறோம்."

"இன்னொரு தடவை படிங்க."

படித்தார். அவள் கடிதத்தை வாங்கி, கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தாள்.

"'வருந்துகிறோம்'கிறதை மட்டும் ஏன் இவ்வளவு பொடி எழுத்துல அடிச்சிருக்காங்க?" என்றாள்.