சர்வீஸ் நாள்

என்னை அவ்வளவு சுலபத்தில் யாரும் ஏமாற்ற முடியாது. சரக்குக் கிடங்கில் எனக்கு வேலையே அதுதான். லாரி உள்ளே வந்ததும் கதவில் தொங்கும் ‘சீல்’ முத்திரையை இழுத்துப் பார்ப்பேன், நகத்தால் சுரண்டிப் பார்ப்பேன், அதற்குப் பிறகுதான் திறக்கச் சொல்வேன். டிரைவர்கள் எனக்குச் சீல்காரர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் வேறு பெயரும் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

கார் வாங்கிய நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே சண்டை. கம்பெனி சர்வீஸுக்கு விடுவதா, நானே செய்துகொள்வதா? ஆயில் மாற்றுவதும் ஃபில்டர் மாற்றுவதும் பெரிய வித்தையா என்ன? ஸ்பேனர் செட் வாங்கியாகிவிட்டது. பழைய ஆயிலைப் பிடிக்க ஒரு அகலத் தட்டும் வாங்கி மாடிப்படிக்கு அடியில் வைத்தாகிவிட்டது. மனைவிதான் குறுக்கே நின்றாள்.

"வாரண்டி போயிடும்ங்க. வண்டி வாங்குறப்பவே மூணு வருஷ சர்வீஸுக்கும் சேர்த்துக் கட்டினோமே, அது என்ன ஆகுறது?"

"அதைத்தான் நானும் சொல்றேன். அவனுக்கு வரவேண்டியது வந்தாச்சு. இனிமே எதுக்கு வேலை செய்யப்போறான்? பானெட்டைத் திறப்பான், தொடைப்பான், மூடிக் குடுப்பான்."

"நானே கொண்டுபோய் விட்டு, அங்கயே உட்கார்ந்திருந்து எடுத்துட்டு வர்றேன். எப்பவும் அப்படித்தானே செய்யறேன்?"

காய்கறிக் கடையில் தராசைக்கூடப் பார்க்காதவள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பிடித்த பிடியை விடமாட்டாள். இந்தத் தடவையும் நான்தான் விட்டுக்கொடுத்தேன். ஆனால் சும்மா விட்டுக்கொடுக்கவில்லை.

முந்தின நாள் அவள் குளிக்கப் போன நேரத்தில் பானெட்டைத் திறந்து, ஏர் ஃபில்டரை வெளியே எடுத்து, அதன் மடிப்பு ஓரத்தில் அவளுடைய நகப்பூச்சால் சிவப்பாக ஒரு புள்ளி வைத்தேன். பில்லைப் பார்த்து நம்புகிற சோணகிரி நான் இல்லை. காகிதத்தில் எதை அடித்தாலும் அது வாங்கிக்கொள்ளும். மீட்டரில் ஓடியிருந்த கிலோமீட்டரையும் மனதில் போட்டுக்கொண்டேன். அவளிடம் மூச்சுவிடவில்லை. சொன்னால் அங்கே போய் உளறிவைப்பாள்.

புதன்கிழமை சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்தபோது வண்டி வாசலில் நின்றது. அவள் முகம் வாடிக் கிடந்தது.

"எல்லாம் மாத்திட்டானா?"

"ஆயில், ஃபில்டர் எல்லாம் மாத்திட்டாங்க. நாள் பூரா அந்த நாற்காலில உட்கார்ந்து இடுப்பே போச்சு."

எனக்குப் பாவமாக இருந்தது. அவளைப் போய்ப் படுக்கச் சொல்லிவிட்டு பானெட்டைத் திறந்தேன். ஃபில்டரில் நான் வைத்த புள்ளி வைத்த இடத்திலேயே இருந்தது. ஆயில் கம்பியை உருவிப் பார்த்தால் தார் மாதிரி கறுப்பு. மீட்டரைப் பார்த்தேன். நூறு கிலோமீட்டருக்கு மேல் கூடியிருந்தது. என் மனைவியை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, சர்வீஸ் சென்டர் பையன்கள் என் வண்டியில் ஊர் சுற்றியிருக்கிறார்கள்! ரத்தம் கொதித்தது. பொய் சொல்வானேன், உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் அல்லவா?

சனிக்கிழமை ஃபில்டரைக் கழற்றி ஒரு பையில் போட்டுக்கொண்டு நேராக சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கண்ணாடி அறையில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். எனக்குச் சாட்சிகள் வேண்டும், அதனால் குரலை உயர்த்தியே பேசினேன். கம்பெனிச் சட்டை போட்ட அட்வைசர் முன்னால் ஃபில்டரை வைத்து, புள்ளியைக் காட்டி, நூறு கிலோமீட்டரையும் சொல்லி, "யார் காதுல பூ சுத்துறீங்க?" என்றேன். காத்திருந்தவர்களில் ஒருவர் எழுந்து வந்து, "நல்லாக் கேளுங்க சார்" என்றார்.

அட்வைசர் வண்டி நம்பரைத் தட்டினார். திரும்பவும் தட்டினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"சார், உங்க வண்டி இந்தத் தடவை வரவே இல்லையே. மேடம் புதன்கிழமை காலைல போன் பண்ணி, வேற நாள் கொண்டுவர்றேன்னாங்க."

"அவ நாள் பூரா இங்கதானே உட்கார்ந்திருந்தா?"

"இங்கயா? மேடம் எப்பவும் வண்டியை விட்டுட்டு உடனே கிளம்பிடுவாங்க சார். சாயங்காலம் எடுக்கத்தான் வருவாங்க."

எனக்காகப் பரிந்து பேச எழுந்தவர் மெதுவாகப் போய் உட்கார்ந்துகொண்டார். அந்த அறையில் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஃபில்டரைப் பைக்குள் திணித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வண்டியில் உட்கார்ந்தும் கிளப்பத் தோன்றவில்லை. மீட்டர் கண்ணெதிரே இருந்தது. அந்த நூறு கிலோமீட்டரை ஓட்டியவள் அவள். எங்கே? யாரோடு? எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான், வேறென்ன! அவள் இல்லாத வீட்டை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தேன்.

வீட்டில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஃபில்டரை மேஜைமேல் வைத்தேன். அவள் குனிந்து பார்த்தாள்.

"இது என் நகப்பூச்சு" என்றாள். கையிலிருந்த சட்டையை மடித்து முடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் எங்கிருந்து வருகிறேன் என்று கேட்கவே இல்லை.

"புதன்கிழமை எங்க போன?"

"தங்கச்சி வீட்டுக்கு."

என் மச்சினி வீட்டோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு தடவை சகலை இந்த வண்டியை இரவல் வாங்கிப் போய்விட்டுத் திருப்பிக் கொடுத்தபோது, நல்ல பாட்டரியைக் கழற்றிக்கொண்டு பழசை மாட்டிவிட்டாயா என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டேன். அன்றோடு அவர்கள் வருவது நின்றது. அந்தப் பாட்டரிமேல் எனக்கு இன்னமும் சந்தேகம்தான்.

"எப்பவும் வண்டியை விட்டுட்டு பஸ்ல போய்ப் பார்த்துட்டு வருவேன்" என்றாள். "இந்தத் தடவை அவ படியில விழுந்து காலை உடைச்சுக்கிட்டா. அவ வீட்டுக்காரர் வெளியூர்ல. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலையறதுக்கு வண்டி வேணும்னு எடுத்துட்டுப் போயிட்டேன்."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"கடைக்குப் போனாலே எந்தக் கடை, ஏன் லேட்டு, யாரைப் பார்த்தேன்னு கேப்பீங்க. சர்வீஸ் நாள் ஒண்ணுலதான் வண்டியைப் பத்திக் கேப்பீங்க, என்னைப் பத்திக் கேக்க மாட்டீங்க. அந்த ஒரு நாளுக்காகத்தான் கம்பெனி சர்வீஸ், கம்பெனி சர்வீஸ்னு சண்டை போட்டேன்."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்பலை, இல்ல?" என்றவள், எழுந்து போனில் எண்ணைப் போட்டு என் கையில் கொடுத்தாள். "அவதான் எடுப்பா. பேசுங்க."

கால் எப்படி இருக்கிறது என்று கேட்கவேண்டும். வலி குறைந்ததா, நடக்க முடிகிறதா, சகலை ஊருக்கு வந்துவிட்டானா என்று கேட்கவேண்டும். இத்தனையும் நினைத்துக்கொண்டுதான் போனைக் காதில் வைத்தேன்.

"மாமா?" என்றாள் மச்சினி. குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "மாமா, நீங்களா?"

"புதன்கிழமை இவ அங்க வந்தாளா?" என்று கேட்டேன்.

அவள் குரல் இறங்கிவிட்டது.

"வந்தா மாமா" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

என் மனைவி கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"நம்புறேன்" என்றேன்.

"அவ சொன்னதை நம்புறீங்க" என்றாள்.

மடித்த துணிகளில் தன்னுடையதை மட்டும் பிரித்து ஒரு பையில் வைத்தாள். தங்கைக்குக் கால் சரியாகும்வரை அங்கேயே இருக்கப்போவதாகச் சொன்னாள். வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன், வேண்டாம் என்றாள். கதவருகில் செருப்பை மாட்டிக்கொண்டே, "இனிமே சர்வீஸை நீங்களே பண்ணிக்கோங்க. நான் எதுவும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

எப்போது திரும்பி வருவாய் என்ற கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. என் வாழ்நாளில் அவளிடம் கேட்காமல் விட்ட முதல் கேள்வி அதுதான். அவள் படியிறங்கிப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.