ஜன்னலில் போட்ட பை

சின்னசேலம் ஸ்டேஷனைக் குறை சொல்லிவிட்டு என் கடையில் யாரும் டீ குடிக்க முடியாது. மீட்டர்கேஜ் காலத்தில் என் மாமனார் இதே இடத்தில் டீ ஆற்றினார். கரி எஞ்சின் இங்கே தண்ணீர் பிடித்துக்கொண்டுதான் கிளம்பும் என்பார். அகலப்பாதை போடத் தண்டவாளத்தைப் பெயர்த்தபோது பிளாட்பாரத்தில் ஆடு மேய்ந்தது. “கமலா, பஸ் ஸ்டாண்டுக்குப் போயிடு” என்று புத்தி சொன்னவர்களை நான் இன்னும் மறக்கவில்லை. இன்று காலேஜ் பிள்ளைகளும் கட்டட வேலைக்குப் போகிறவர்களும் காய்கறி மூட்டைகளுமாக இங்கே கால் வைக்க இடமில்லை. புத்தி சொன்னவர்களும் இந்தக் கூட்டத்தில்தான் நிற்கிறார்கள்.

அன்று காலை வெள்ளிமலையிலிருந்து மாயவன் என்ற கூலிக்காரர் மகள் மலர்விழியோடு வந்திருந்தார். அவளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. சாயங்காலத்துக்குள் சேலத்தில் சர்டிபிகேட்டைக் காட்டிச் சேராவிட்டால் அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். டீ குடித்துக்கொண்டே அவர் இதைச் சொன்னபோது அந்த முகத்தில் அவ்வளவு பெருமை.

மகள் டிக்கெட் எடுக்கப் போனாள். அப்போது விருத்தாசலம் வண்டி வந்து நின்றது. மாயவன் ஓடிப்போய்க் கையிலிருந்த மஞ்சள் பையை ஜன்னல் வழியே ஒரு சீட்டில் போட்டார்.

“மலரு, சீட்டு புடிச்சிட்டேன், வா!” என்று கூவிக்கொண்டே மகளை அழைக்க ஓடினார். இரண்டு பேரும் வருவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

“அப்பா, அது சேலம் வண்டி இல்லப்பா! சர்டிபிகேட்டு எல்லாம் அந்தப் பையிலதான் கீது!” என்று மலர்விழி அழுதாள்.

மாயவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “மலை பஸ்ல அப்பிடித்தாங்க சீட்டு புடிப்போம். அங்க நிக்கறது ஒரே பஸ்ஸுங்க. எந்தப் பக்கம் போவுதுன்னு கேக்கத் தோணலீங்க.”

“இன்னாங்க, மலை பஸ்ஸும் ரயிலும் ஒண்ணா?” என்று நான் கத்திவிட்டேன். கத்திவிட்டு, ஸ்டேஷன் மாஸ்டர் தெய்வசிகாமணியிடம் ஓடினேன். அவர் உடனே அடுத்த ஸ்டேஷனுக்குப் போன் போட்டார்.

அதற்குள் சேலம் வண்டி வந்து போய்விட்டது. பை இல்லாமல் போய் என்ன செய்வது? மலர்விழி ஏறவில்லை. இனி மதிய வண்டிதான்.

கொஞ்ச நேரத்தில் தெய்வசிகாமணி சிரித்துக்கொண்டே வந்தார்.

“பை கெடச்சிடுச்சும்மா. பொட்டியில நிக்கவே எடமில்லியாம். ஆனா அந்த சீட்டுல ஒருத்தரும் உக்காரல. நம்ம ஆளு பைய எடுக்கப் போனா, ‘ஆளு வர்ற சீட்டு, தொடாத’ன்னு சண்டைக்கே வந்துட்டாங்களாம். பொண்ணு பேரச் சொல்லி மதிய வண்டியில குடுத்து அனுப்புறாங்க.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரயில் ஜனங்களை நான் திட்டாத நாளே கிடையாது. அன்று திட்ட வாய் வரவில்லை. மாயவன் மட்டும் பையைக் கண்ணால் பார்க்கும்வரை ஒரு வாய் டீ குடிக்க மாட்டேன் என்றுவிட்டார்.

மதிய வண்டி படி வரைக்கும் கூட்டத்தோடு வந்து நின்றது. நாங்கள் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு ஓடினோம்.

“மலர்விழி யாரும்மா?” என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். அவள் பக்கத்திலேயே ஜன்னலோர சீட்டு காலியாக இருந்தது. அதன்மேல் மஞ்சள் பை இருந்தது.

“சீக்கிரம் வந்து உக்காரு. எவ்ளோ நேரம் சீட்டப் பாத்துக்கினு நிக்கறது?”

மலர்விழி உட்கார்ந்து, குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். மாயவன் எப்படியோ படியில் இடம் பிடித்து நின்றார். வண்டி நகர்ந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“பாத்தீங்களா? ரயில்லயும் அப்பிடித்தாங்க!”