வெள்ளை ஓரத்தில் ஒரு பல்

ரம்ஜான் பீவி படத்தை என் மடியில் விட்டெறிந்தாள். அவள் மகள் ஆரிபாவின் படம். மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்டுவதற்காக நானே அவர்கள் வீட்டுக்குள் போய் எடுத்து, நானே இருட்டறையில் அச்சிட்டுக் கொடுத்தது.

“ஒண்ணுதான கேட்டேன்? அது என் பொட்டிக்குள்ள கெடக்கு. இது தோல் மண்டிக் கணக்கப்பிள்ளை சட்டைப்பையில இருந்துச்சு. எப்பிடி கமரு?”

வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் தெருவெல்லாம் சொல்வேன் என்று போய்விட்டாள். சீனாக்காரன் சண்டைக்கு அடுத்த வருஷம் அது. திண்டுக்கல்லில் எங்கள் தெருப் பெண்கள் முகத்தைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டதே, ஆண் கண்ணில் படாது என்று என்னை நம்பித்தான். இனி எந்த வீட்டுக் கதவு எனக்குத் திறக்கும்? ஆரிபாவைத்தான் எவன் கட்டுவான்?

இருட்டறைக்குள் போகிறவர்கள் நானும் என் வீட்டுக்காரர் மீரானும் மட்டும். பெண்கள் படச்சுருளைத் தொடமாட்டேன் என்று அல்லா மேல் ஆணையிட்டவர் அவர். ரம்ஜான் பீவி வந்துபோன அன்றிலிருந்து அவர் சோறு தின்பதைக்கூட ஓரக்கண்ணால் பார்த்தேன். வெஞ்சனத்தில் உப்பில்லை என்று சண்டை பிடிக்கிற மனுஷன் வாயே திறக்கவில்லை. நேராகக் கேட்டால் இல்லை என்பார். அப்புறம் நான் என்ன செய்ய?

வியாழக்கிழமை மதுரையிலிருந்து, பழைய போட்டோச் சாமான் விற்கிற நாச்சிமுத்து இரண்டு பழைய பலகைகள் கொண்டுவந்தார். படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜருக்கு அடியில் பேப்பரை அழுத்திப் பிடித்து, நாலு பக்கமும் வெள்ளை ஓரம் விடும் பலகை. எங்களுடையதில் ஸ்பிரிங் போய்விட்டிருந்தது. அவரை டீயோடு முன்பக்கம் எங்கள் போட்டோக் கடையில் உட்காரவைத்துவிட்டு, நானும் மீரானும் இருட்டறையில் போட்டுப் பார்த்தோம். ஒன்று சுத்தமாக இருந்தது. மற்றதன் தகட்டில் அரிசி அளவு மூளி. அச்சிட்டால் வெள்ளை ஓரத்துக்குள் கறுப்பாக ஒரு பல் நீட்டியது.

“இது வேணாம். நல்லதையே எடுத்துக்கிருவோம்” என்றார் மீரான்.

“இதுதான் வேணும். இனி நம்ம அடிக்கிற படம் அம்புட்டுலயும் இந்தப் பல்லு இருக்கும். பல்லு இல்லாத படம் எங்க கெடந்தாலும் நம்மளுது இல்லைன்னு தைரியமாச் சொல்லலாம்ல?”

மடியில் கனமில்லாதவர் இதைக் கேட்டு நிம்மதியாக மூச்சு விட்டிருப்பார். இவர் அரத்தைத் தேடினார்.

“செத்த நேரத்துல ராவிரலாம்.”

“ராவக் கூடாதுங்க.”

“ஏன், என் வீட்டுக்குள்ளயே எனக்குக் காவலா?”

“உங்களுக்குன்னு யாரு சொன்னா?”

சிவப்பு விளக்கடியில் அவர் கை அரத்தோடு அப்படியே நின்றது.

“அந்தக் கணக்கப்பிள்ளை நல்ல பையன் கமரு” என்றார் கடைசியில். “ஆரிபாவக் கட்டணும்னு ஆசை, அதுக்கு முன்னால ஒருதரம் மொகத்தப் பாத்துக்கிறேன்னு கெஞ்சுனான். ஒரே ஒரு படந்தான்…”

இது சந்தேகமாகவே இருந்துவிட்டிருக்கக் கூடாதா என்று அழுகை வந்தது. கையை நீட்டினேன். இருட்டறைச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

கடைக்கு வந்து, “அண்ணே, சுத்தமா இருக்குல்ல, அதையே குடுத்துட்டுப் போங்க” என்றேன் நாச்சிமுத்துவிடம்.

“பல்லு உள்ளதுதான் வேணும்னியே?” என்றார் பின்னாலேயே வந்த மீரான்.

“இனி உள்ள போறது நான் ஒருத்திதான். எனக்கெதுக்கு அடையாளம்?”

துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு ரம்ஜான் பீவி வீட்டுக்கு நடந்தேன். எங்கள் வீட்டில்தான் தப்பு நடந்தது என்று நானே சொல்ல வேண்டும்.