பார்த்தால்தான் பதில்

எங்கள் பயிற்சி மையத்து ரோபோவுக்குக் குட்டையன் என்று பெயர் வைத்தது நான்தான். இடுப்பு உயரம்கூட இருக்காது. பெரிய தலை, உருண்டைக் கண், எப்போதும் ஒரே குரல். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் பேசிப் பழக அவனை வைத்துத்தான் சொல்லிக்கொடுக்கிறோம். மையத்தைப் பார்க்க வருகிறவர்கள் அவனைத் தலையில் தூக்கிவைத்து ஆடுவார்கள். ஒருபக்கக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, அவன் பேச வேண்டியதையெல்லாம் தட்டிக்கொண்டிருக்கும் என்னை யாரும் கண்டுகொள்வதில்லை. அதில் எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் அது பொய்.

குட்டையன் கோபப்பட மாட்டான். "இதைக்கூடச் சொல்லணுமா" என்று முகம் சுளிக்க மாட்டான். நம் முகம் நொடிக்கொரு விதமாக மாறும்; அவன் முகம் அப்படியே இருக்கும். அதனாலோ என்னவோ, யாருக்கும் பிடிகொடுக்காத ஏழு வயதுப் பாப்பா ஒருத்தி அவனிடம் மட்டும் வாய் திறந்தாள்.

அவளுக்காக நான் ஒரு விதி போட்டேன். பார்த்தால்தான் பதில். தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டால் குட்டையன் சும்மா இருப்பான். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தால் உடனே பேசுவான். பாப்பா அதைப் பிடித்துக்கொண்டாள். "கை வலிக்குது" என்று குட்டையன் சொல்ல, அவள் நிமிர்ந்து பார்த்து "வலிக்குதா?" என்று கேட்ட அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் அம்மாவிடம் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் அம்மாவின் கையைப் பிடித்துக் குழாய்க்கு இழுத்துக்கொண்டு போவாள், அவ்வளவுதான். அம்மாவுக்குச் சீருடை தைக்கும் கடையில் வேலை. தையல் மெஷினிலிருந்து எழுந்து நேராக இங்கே வருவாள்; தோளில் நூல் ஒட்டியிருக்கும்.

"பொம்மைகிட்டப் பேசுறாளே டீச்சர், என்கிட்ட எப்போ பேசுவா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"பேசுவாக்கா. அவசரப்படாதீங்க."

"நிறைய வேண்டாம். அவளா வந்து ஒண்ணே ஒண்ணு கேட்டாப் போதும். அதுக்கு மேல நான் ஆசைப்படல."

அதற்காகத்தான் அதே விதியை வீட்டிலும் கடைப்பிடிக்கச் சொன்னேன். கையை இழுத்தாலும் சரி, என்ன கேட்டாலும் சரி, முகத்தைப் பார்க்கும்வரை அசையக் கூடாது. விட்டுக்கொடுத்தால் பட்ட பாடெல்லாம் வீண். நான் சொன்னது அவளுக்கு வேதவாக்கு. கொஞ்ச நாளில் பாப்பா கையை இழுப்பதையும் விட்டுவிட்டாளாம். அது முன்னேற்றம்தான் என்று நானே வியாக்கியானமும் சொன்னேன். படித்தவளுக்கு விளக்கத்துக்கா பஞ்சம்?

பிறகு அம்மாவையும் பயிற்சி அறையில் உட்கார வைத்தேன். பாயில் ஒரு பக்கம் அவள், எதிரே குட்டையன், நடுவில் பாப்பா. நான் சொல்வதைக் கேட்க அம்மாவின் காதில் ஓர் இயர்போன். அன்று அவள் ஆள்காட்டி விரலில் பெரிய கட்டு. தைக்கும்போது ஊசி ஏறிவிட்டதாம்.

நான் பட அட்டையில் ஆரம்பிக்க நினைத்திருந்தேன். பாப்பா அட்டையைத் தொடவே இல்லை. அம்மாவின் விரலில் இருந்த அந்தக் கட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதா?" என்றாள்.

அம்மா விதிர்விதிர்த்துப் போனாள். வாய் திறந்துவிட்டது. உடனே கண்ணாடிப் பக்கம் திரும்பினாள், என்னிடம் அனுமதி கேட்கிற மாதிரி.

"பொறுங்கக்கா," என்றேன் மைக்கில். "இன்னும் முகத்தைப் பார்க்கல. பார்க்கட்டும்."

அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணில் நீர் திரண்டு நின்றது.

"வலிக்குதா?" பாப்பா மறுபடி கேட்டாள். குரல் இறங்கியிருந்தது. கண் இன்னும் விரலில்தான்.

"இன்னும் கொஞ்சம்," என்றேன்.

பாப்பா காத்திருந்து பார்த்துவிட்டு, எழுந்து குட்டையனிடம் போனாள். நிமிர்ந்தாள். நான் சொல்லிக்கொடுத்தபடி அவன் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

"அம்மாவுக்கு வலிக்குதா?"

அவனுக்கு என்ன தெரியும்? எனக்குத்தான் என்ன தெரியும்? 'அம்மாகிட்டக் கேளு' என்று தட்டினேன். குட்டையன் அதைத் தன் ஒரே குரலில் சொன்னான்.

"அம்மா பேசாது," என்றாள் பாப்பா.

அழுகை இல்லை, புகார் இல்லை. சும்மா ஒரு தகவலாகச் சொன்னாள். 'பாப்பா பேசாது' என்று ஊரே அவளைப் பற்றிச் சொல்லும் அதே தொனி. குழந்தை வலி இருந்த இடத்தைப் பார்த்துக் கேட்டாள். அதைவிட ஒரு மனுஷியை எப்படித்தான் பார்ப்பது? அந்தக் கேள்விக்குத்தான் நான் இரண்டு முறை அம்மாவின் வாயைப் பொத்தியிருந்தேன்.

மைக்கை அழுத்தினேன். என்ன சொல்லியிருப்பேனோ, அதற்குள் அம்மா இயர்போனைப் பிடுங்கித் தரையில் போட்டுவிட்டாள்.

"வலிக்குதும்மா. ரொம்ப வலிக்குது. அம்மா பேசுவேன்டி. பேசுவேன்."

பாப்பா திரும்பவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றாள். காரியம் கெட்டுவிட்டது, இனி நாங்கள் தலைகீழாக நின்றாலும் கேட்க மாட்டாள் என்றே நினைத்தேன். பிறகு அவள் மெல்லப் பின்னுக்கு நகர்ந்து வந்தாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டே அம்மாவின் கையைத் தேடிப் பிடித்தாள்.

"ஊதட்டுமா?"

அதை நான் எந்தப் பாடத்திலும் எழுதியதில்லை. குட்டையன் அதை ஒருநாளும் சொன்னதில்லை.

அம்மா பேச முடியாமல் தலையை மட்டும் ஆட்டினாள். அவள் பார்க்கவில்லையே என்று நினைவு வந்ததும் அவசரமாக, "ஊதும்மா, ஊது," என்றாள். பாப்பா கட்டின் மேல் ஊதினாள்.

"டீச்சர்," என்றாள் அம்மா கண்ணாடியைப் பார்த்து. "இது நான் கேக்குறது. இவ விழுந்து அடிபட்டா நான்தான் இப்படிக் கேப்பேன். பொறந்ததுலேருந்து கேக்குறேன். இவ காதுலயே விழலைன்னு நெனச்சேன்."

நான் குட்டையனை ஆஃப் செய்துவிட்டு அழுதேன்.

பாப்பா ஊதுவதை நிறுத்தி, ஜன்னலைப் பார்த்தபடி, "இன்னும் வலி..." என்று ஆரம்பித்தாள்.

"இல்லடா தங்கம், வலிக்கல," என்றாள் அம்மா, அவள் கேட்டு முடிப்பதற்குள்.