கேட்டிலிருந்து ஒரு கயிறு

அப்பாவின் காலில் அரப்புப் பொடி தேய்த்துக்கொண்டிருந்த தமிழ்மொழியின் கை, வலது பெருவிரலில் நின்றது. மோதிரம் கழற்றிய இடம் போல விரலைச் சுற்றி ஒரு தடம். தோல் அங்கே வெளுத்து வழவழப்பாக இருந்தது. நேற்று இரண்டு பெருவிரல்களையும் சேர்த்துக் கட்டிய துணியால் வந்ததோ என்று இடது விரலைப் பார்த்தாள். அதில் ஒன்றுமில்லை.

"என்னண்ணே இது?"

செருப்பு கடித்திருக்கும் என்றான் கலைவாணன். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். அவள் தண்ணீரை ஊற்றிவிட்டு நகர்ந்தாள்.

அப்பா நடராசன் நேற்றுப் பகலில் சாய்வு நாற்காலியிலேயே இறந்திருந்தார். மனைவி போன பிறகு எறையூர் வீட்டில் தனியாக இருந்தவர். காது அறவே கேட்காது; போனையும் எடுக்க மாட்டார். எவ்வளவு நேரம் தனியாகக் கிடந்தார் என்பதுதான் திருப்பூரிலிருந்து வரும் வழியெல்லாம் தமிழ்மொழியின் கேள்வி. அண்ணனுக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு ரத்தினம்மாளோ, போஸ்ட்டுக்காரப் பெண் போட்ட சத்தத்தில் ஓடி வந்ததாகச் சொன்னாள். தாழிட்ட கேட்டுக்கு வெளியே நின்ற அந்தப் பெண்ணுக்கு உள்ளே நடந்தது எப்படித் தெரிந்தது?

பாடை கொண்டு வந்தவர்களின் தலையில் ஒரு நைலான் கயிறு இடித்தது. கேட்டில் தொடங்கி வாசலைக் கடந்து, ஜன்னல் வழியாக நுழைந்து, நாற்காலியின் காலடியில் வளையமாக முடிந்தது. துணி காயப்போட என்றார் ஒருவர். குரங்கு விரட்ட டப்பா கட்டியிருப்பார் என்றார் இன்னொருவர்.

"போவும்போதும் நம்மளக் கட்டிப் போடப் பாக்குறாரு மச்சான்," என்றார் மாமா. அழுதுகொண்டிருந்த ரத்தினம்மாள் சிரித்துவிட்டாள்.

கலைவாணன் அரிவாள் கேட்டான்.

"வெட்டாதண்ணே. தூக்கிப் புடிச்சுக்கிட்டாப் போதும்."

பறைச் சத்தம் தெருமுனை திரும்பியதும் பெண்கள் வீடு கழுவத் தொடங்கினார்கள். அப்போதுதான் போஸ்ட்டுக்காரப் பெண் ஜோதி ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, தோளில் தபால் பையுடன் உள்ளே வந்தாள். அப்பா சந்தா கட்டியிருந்த வார இதழ் வந்திருந்தது. யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் ஜன்னல் கட்டையில் வைத்தாள்.

தமிழ்மொழி கயிற்றைக் காட்டிக் கேட்டாள்.

அது ஜோதி சொல்லிக் கட்டியதுதான். கேட்டைத் தட்டினாலும் ஐயாவுக்குக் கேட்காது. கொண்டுவந்த புத்தகத்தைத் திருப்பி எடுத்துப்போக அவளுக்கு மனம் வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் வளையத்தைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொள்வார்.

"ஒரு தடவ இழுத்தா தபால் வந்திருக்குன்னு அர்த்தம். எந்திரிச்சு வருவாரு."

"தபால் இல்லாத அன்னிக்கி?"

"அன்னிக்கும் இந்த வழியாத்தானக்கா போறேன். ரெண்டு தடவ இழுப்பேன், எந்திரிக்க வேணாம்னு. அவரு கால ஆட்டுவாரு. கயிறு ஆடுனதும் நான் போயிடுவேன்."

தமிழ்மொழி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"நேத்து?"

"ஆடல." ஜோதி பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள். "இன்னொருக்கா இழுத்துப் பாத்தேன். அப்பறம் கேட்டு மேல ஏறிக் குதிச்சுட்டேன். கையத் தொட்டப்போ சூடாத்தான் இருந்துச்சுக்கா."

கழுவிய தண்ணீர் வாசல்படியில் இறங்கிக்கொண்டிருந்தது. அடுத்த தெருவுக்குப் போக வேண்டும் என்றாள் ஜோதி.

"எப்படி இழுப்பீங்கன்னு காட்டிட்டுப் போங்க."

தமிழ்மொழி நாற்காலியில் உட்கார்ந்தாள். அதன் ஈரம் புடவையில் ஏறியது. குனிந்து வளையத்தை வலது பெருவிரலில் மாட்டிக்கொண்டாள்.

விரல் இரண்டு முறை இழுபட்டது. தூங்குகிறவரின் காலைத் தொட்டு எழுப்புவது போல, மெதுவாக.

ஜன்னல் வழியாக ஜோதியின் கை மட்டும் தெரிந்தது. அது கயிற்றின் மேலேயே இருந்தது.

தமிழ்மொழி காலை ஆட்டினாள்.

கை கயிற்றை விட்டது. சற்று நேரத்தில் ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது.