ஆறாவது துணி

எங்கள் தெருவில் ஹாலோவீனுக்குப் பேய்பொம்மை செய்வது பெரிய வித்தையல்ல. பாட்டிலின் தலையில் பலூனைக் கட்டி, இரண்டு கம்பியைக் கையாக வளைத்து, சோளமாவுக் கஞ்சியில் முக்கியெடுத்த சல்லாத்துணியைப் போர்த்தினால் போதும். மறுநாள் காய்ந்து விறைத்ததும் பலூனை உடைத்துப் பாட்டிலை உருவிவிடலாம். உள்ளே ஒன்றுமில்லாமல் பேய் தானாக நிற்கும்.

இந்த வருடம் வேண்டாம் என்றுதான் மார்லா இருந்தாள். ஏழு வயது மகள் டெஸ்ஸா ஜூன் மாதம் ஏரியில் மூழ்கிப்போன வீட்டில் ஹாலோவீன் என்ன வேண்டிக்கிடக்கிறது? ஆனால் தெருப்பிள்ளைகள் வேடம் போட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கக் கிளம்புவது வருடாவருடம் அவள் வாசலிலிருந்துதான். மனசு கேட்கவில்லை. ஐந்து பேய்களைப் போர்த்தினாள். முக்கியதில் மிஞ்சிய ஆறாவது துணியை வாசல் படிக்கட்டுக் கைப்பிடியில் வீசிவிட்டுப் படுக்கப் போனாள்.

காலையில் ஆறும் நின்றன.

ஆறாவது அவள் மார்புயரம் இருந்தது. விறைத்த துணியில் மூக்கு தெரிந்தது. இரண்டு கைகளும் சேர்ந்து ஏந்தியிருந்தன. குனிந்து உள்ளே பார்த்தாள். பாட்டிலும் இல்லை, கம்பியும் இல்லை.

"கிளிண்ட், இதென்ன விளையாட்டு?"

"சத்தியமா நான் தொடல," என்றான் அவள் கணவன். "மார்லா, அந்தக் காதைப் பாரு."

டெஸ்ஸாவுக்கு இடது காது மட்டும் வெளியே விரிந்திருக்கும். துணியிலும் அப்படித்தான்.

பெற்ற மனம் பித்து. மார்லாவுக்குப் பயமே வரவில்லை. நாள் முழுக்க அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஆறு மணிக்குத் தீயணைப்பு நிலையச் சங்கு ஊதியதும் பிள்ளைகள் வந்தார்கள். மிட்டாய் பைக்குள் விழுந்ததுதான் தாமதம், அடுத்த வீட்டுக்கு ஓடினார்கள். சூனியக்காரித் தொப்பி போட்ட கொரின் மட்டும் நின்றாள்.

"ஆன்ட்டி, அந்தக் குட்டிப் பேய் எவ்வளவு நேரமா கைய நீட்டிட்டு நிக்குது. அதுக்கு ஏன் குடுக்கல?"

கொரின் போனதும் கிளிண்ட் மெதுவாகச் சொன்னான்: "குடுத்துடு."

"குடுத்தா போயிடுவா கிளிண்ட். வாங்கினப்புறம் எந்தப் பிள்ளை நிக்குது?"

"எட்டு மணிக்குச் சங்கு ஊதிடுவாங்க. அப்புறம் எந்த வீட்டுலயும் கதவு தெறக்க மாட்டாங்க. வருஷம் பூரா இப்படியே கையேந்திட்டு நிக்கணுமா அவ?"

மணி ஏழே முக்கால். மார்லா கிண்ணத்தைக் கிளறி, டெஸ்ஸாவுக்குப் பிடித்த கடலை வெண்ணெய் சாக்லேட்டை எடுத்தாள். அந்தக் கைகளில் வைத்தாள்.

துணி தளர்ந்து படியில் சரிந்தது. எடுத்து உதறினாள். சாக்லேட் இல்லை.

பக்கத்து வீட்டில் மணி அடித்தது. வால்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"யாருப்பா அது, மணியடிச்சிட்டு ஓடுறது?"

அதற்கடுத்த வீட்டில் அடித்தது. பிறகு எதிர்ச்சாரியில். ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடுவதை மார்லா துணியைக் கட்டிக்கொண்டு கேட்டாள். ஏரிக்கரையோரத்துக் கடைசி வீட்டு மணி அடித்தபோது எட்டு மணிச் சங்கும் ஊதியது. அந்தக் கதவை யாரும் திறக்கவில்லை.