கோட்டில் குத்திய பொன்

மோதிரக் கடை வைத்திருக்கும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, விரலிலும் காதிலும் மாட்ட முடியாத நகையைச் செய்தால் இத்தாலியின் பதுவை நகரம் சும்மா விடுமா? "ஓர்னெல்லா தட்டுற தகரம்" என்று என் கணவரின் கடையிலேயே கிண்டல். தகரமாம்! பதினெட்டு காரட் தங்கம் அது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டின் வசந்தத்தில் நகர மண்டபத்தில் புது நகைகளுக்கு ஒரு கண்காட்சி ஏற்பாடாகியது. ஊர்க்காரர்கள் சிலர் தங்கள் நகைகளை வைப்பதாக இருந்தார்கள், எல்லாரும் ஆண்கள். அதில் என் பெயரும் வந்தே தீர வேண்டும் என்று குளிர்காலம் முழுக்க உடையில் குத்திக்கொள்ளும் ஒரே ஒரு புரூச்சோடு மல்லுக்கட்டினேன். மடித்த தங்கத் தகட்டின் மேல் சுடரை ஓட்டி, உருகப்போகிற கணத்தில் விலக்க வேண்டும். அப்போது காய்ச்சிய பாலின் ஆடைபோல் மேல்தோல் சுருங்கி நிற்கும். அந்தச் சுருக்கத்துக்காகத்தான் அத்தனை பாடும்.

கண்காட்சிக்குத் தேர்வு செய்யும் புரொபசர் ஸுவானோன் பட்டறைக்கு வரவிருந்த காலையில், பின்னூசி மட்டும் பாக்கி. புரூச்சை ஏதோ நினைப்பில் மேசையின் இடப்பக்கத் தட்டில் வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனேன். அந்தத் தட்டில் இருப்பதெல்லாம் மெருகுக்குப் போகும். எங்கள் பட்டறையில் யாரும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. மெருகு போடுபவள் என் நாத்தனார் நீவெஸ்.

திரும்பி வந்தால் அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"ஒரே கறுப்பும் சுருக்கமுமா கெடந்துச்சு அண்ணி. பெரிய மனுஷன் வர்ற நேரத்துல இப்படியா வைக்கிறதுன்னு நல்லா தேய்ச்சுட்டேன். மூஞ்சி தெரியுது, பாருங்க!"

தெரிந்தது. ஒரு சுருக்கம்கூட மிச்சமில்லை.

"கையை வச்சுக்கிட்டு சும்மா இருக்கவே மாட்டியாடி நீ?"

அவள் முகம் சுண்டிப்போனது. நான் திட்டி முடிப்பதற்குள் புரொபசர் வந்துவிட்டார். புரூச்சை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இப்பத்தாம்மா நகைன்னு ஒண்ணு செஞ்சிருக்கீங்க. குடுங்க, நானே கொண்டு போறேன்."

"இது என் வேலை இல்ல, புரொபசர். தப்பா மெருகு போட்டுட்டாங்க. திரும்பச் சுருக்கணும்."

"பைத்தியமா உங்களுக்கு? இப்படியே குடுத்தா கண்ணாடிப் பெட்டியில உங்க பேரு இருக்கும். இல்லேன்னா கிடையாது. பட்டியல் இன்னிக்கோட முடியுது."

தலையாட்டினால் போதும். ஆசை இல்லாமல் இல்லை, 'சரி' என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அந்தப் பளபளப்புக்குக் கீழே என் பெயரைப் பார்க்க என்னால் முடியாது. கேஸ் டார்ச்சைப் பற்றவைத்தேன்.

தேய்த்ததில் தகடு மெலிந்திருந்தது. தோல் சுருங்கத் தொடங்கியதுமே ஒரு ஓரம் உருகி உருண்டது. சட்டென்று சுடரை விலக்கினேன். மிச்சமெல்லாம் நான் நினைத்ததுபோல் சுருங்கி நின்றது. ஓரத்தில் மட்டும் புளியங்கொட்டை அளவுக்குப் பொன் திரண்டிருந்தது.

"பாவம், நல்ல தங்கம் வீணாப் போச்சு," என்று சொல்லிவிட்டுப் புரொபசர் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

"எல்லாம் என்னாலதானே?" என்று நீவெஸ் அழுதாள்.

"அழுதது போதும். ஊசி பத்தவைக்கணும், இடுக்கியைப் பிடி."

பிடித்தாள், கை ஆடாமல்.

"திறப்பு விழாவுக்கு உன் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கிட்டு வா," என்றேன். "நகை மனுஷி மேல இருக்கட்டும்."

விழாவில் நீவெஸ் பெட்டி பெட்டியாகப் பார்த்துக்கொண்டு நடந்தாள். அவள் மூச்சு விடும்போதெல்லாம் கோட்டில் இருந்த புரூச்சின் மடிப்புகளில் வெளிச்சம் ஏறி இறங்கியது. முதலில் ஒரு பெண் அவளை நிறுத்திப் பார்த்தாள். பிறகு நாலு பேர். கொஞ்ச நேரத்தில் பெட்டிகளின் பக்கம் ஆளே இல்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு புரொபசர் வந்தார்.

"கழட்டிக் குடும்மா. ஒரு பெட்டியில இடம் பண்ணிடலாம். அந்த ஓரத்தை மட்டும் லேசா தேய்ச்சுட்டா..."

நான் வாயைத் திறப்பதற்குள் நீவெஸ் உள்ளங்கையால் புரூச்சை மூடிக்கொண்டாள்.

"இதை யாரும் தேய்க்கக் கூடாது. எங்க அண்ணி ஓர்னெல்லா செஞ்சது இது. பாக்கணும்னா இங்கயே நின்னு பாருங்க!"

பட்டியலில் இல்லாத என் பெயர் மண்டபம் முழுக்கக் கேட்டது.